கதை கேட்க வைத்த தாம்பூலம்

பேசும்படத்துக்கென்று கதை எழுதி வைத்திருப்பவர்கள் எப்போதாவது என்னைத் தேடி வருகிறார்கள். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் ஒருவர் சென்ற மாதம் வந்தார். அவருக்கு முன்பு பொந்தியானிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்திருந்தார். இருவரும் கேட்டது ஒன்றே. தொழிலில் பழகிய ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து, கதையைக் கேட்கச் சொல்லி, அபிப்பிராயம் பெறுவது தகுமா? பத்து பாகாட்டில் அப்படிச் செய்தது எங்கள் வீடுதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செய்தவன் என் மகன். உடன் போனவன் நான். அவன் இப்போது இல்லை.

கொடுக்கலாம் என்று வந்தவர்களிடம் சொன்னேன். அதற்கு மேல் விளக்கம் கேட்டபோது காப்பி வரவழைத்தேன். அந்த விளக்கத்தை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் மலாயாவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தமிழில் சாட்சி சொல்பவர்களின் பேச்சை ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்வது என் வேலை. யாழ்ப்பாணத்தில் கற்ற தமிழும் ஆங்கிலமும் அந்த நாற்காலிக்குப் போதுமானவையாக இருந்தன. சாட்சி எங்கே மூச்சு வாங்குகிறானோ அங்கே நானும் நிறுத்திக்கொள்வேன். ஒரு வாக்கியத்தின் நடுவில் ஒருவன் நின்றுவிட்டால் அவன் பொய் சொல்கிறான், அல்லது பயப்படுகிறான். பல ஆண்டு அனுபவத்தில் இந்த இரண்டு காரணங்களையே நான் அறிந்திருந்தேன்.

என் மகன் மராமத்து இலாகாவில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். பேசும்படங்கள் ஊருக்கு வரத் தொடங்கிய காலம் அது. ஒரு படத்தைப் பல தடவை பார்ப்பான். கதைக்காகப் போவதில்லை, எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கப் போவதாகச் சொல்வான். பிறகு தானே ஒரு கதை எழுதினான். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் ஓர் அண்ணனையும் தங்கையையும் பற்றியது. காய்ச்சல் கண்டதால் தங்கையை நோய்த்தடுப்பு முகாமில் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அவள் அவனைத் தேடி வந்து சேர்கிறாள். ஆற்றில் வெள்ளம், படகு விடவில்லை. அவள் இந்தக் கரையில், அவன் அந்தக் கரையில்.

வாசித்த நண்பர்கள் எல்லாரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஐயா, எங்கடை ஆக்கள் ஆர் வாசிச்சாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவினம்," என்றான். "எழுதினவனிலை அன்பு இருந்தாலும் அதைத்தான் சொல்லுவினம். முழுக்க வாசிக்காட்டியும் அதைத்தான் சொல்லுவினம். காசு வாங்கிற ஆள்தான் பிழையைச் சொல்லுவான்."

"காசை வாங்கிக்கொண்டு அவனும் நல்லாயிருக்கு எண்டு சொன்னால்?" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

"அப்ப உங்களுக்குச் சந்தோசம்தானே அம்மா."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. கட்டணம் வாங்கிய வக்கீல்தான் கட்சிக்காரனிடம் உன் வழக்கு தோற்கும் என்று சொல்லத் துணிவான். உறவினன் சொல்லமாட்டான். இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

அந்த மாரியில் மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று ஊரில் சிக்கிக் கிடந்தது. சந்தைக்குப் பின்னால் போட்ட கொட்டகைக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது. நடிகர்கள் கிடைத்த இடங்களில் தங்கியிருந்தார்கள். கம்பெனியின் நாடக வாத்தியார் சீன மளிகைக் கடை ஒன்றின் மாடியில் அறை எடுத்திருந்தார். பம்பாய்க்குப் போய் இரண்டு பேசும்படங்களுக்கு வசனம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தவர் என்று விளம்பரத் தாளில் அவர் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். கட்டணத்துக்குக் கதை கேட்பார். பிடித்துவிட்டால், சென்னையில் தமக்குத் தெரிந்த முதலாளிக்குத் தாமே எடுத்துப் போவதாகச் சொன்னார். என் மகனுக்கு வேண்டியிருந்தது அதுதான். தண்ணீர் வடிந்து கம்பெனி புறப்படும்போது அவருடைய பெட்டியில் தன் கதையும் இருக்க வேண்டும். முடிந்தால் பின்னாலேயே தானும் போக வேண்டும். இலாகா வேலையை விடுவதற்கு அவன் என்னிடம் அரை மனதாகச் சம்மதமும் வாங்கியிருந்தான்.

ஜொகூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் போனோம். மழை நின்றிருந்தது. ஆனால் வானம் விட்டுக்கொடுக்கவில்லை. கடை முன்னால் நடைபாதையான அஞ்சடியில் சேறு படிந்து, அரிசி மூட்டைகளை மேசைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மாடிப்படியின் திருப்பத்தில் காட்டுக் காட்சி எழுதிய திரைச்சீலை ஒன்றைக் காயப் போட்டிருந்தார்கள். ஈரத்தில் பச்சை வர்ணம் கரைந்து மரங்களெல்லாம் கீழே வழிந்திருந்தன. என் மகன் அங்கே நின்றான். நான் மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தான்.

வாத்தியார் பருத்த மனிதர். காதில் கடுக்கன். உட்கார்ந்தபடியே வரவேற்றார்.

"வாங்க, வாங்க. கோர்ட்டுல பேசுற ஐயாவா? நீங்க ஒருத்தர் பேசுனத இன்னொருத்தருக்குச் சொல்றீங்க. நானும் அதைத்தான் செய்யுறேன். ஒங்களுக்குச் சர்க்கார் சம்பளம், எனக்கு வெத்தலபாக்கு."

கதை கேட்பதற்கு நாடகக்காரர்களிடையே ஒரு முறை இருந்தது. தாம்பூலத் தட்டை அவர் முன் வைக்க வேண்டும். தொகை வெற்றிலைக்கு அடியில் இருக்கும். அவர் எண்ணுவதில்லை. தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டாரானால் முடிவு வரை கேட்பார், உண்மையைச் சொல்வார். எழுதியவனே உரக்க வாசிக்க வேண்டும். ஒரு வசனத்தின் நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த வசனத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் தட்டைத் திருப்பி நகர்த்திவிட்டால் கதை வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை.

"பினாங்குல ஒரு செட்டியாருக்குத் தட்டத் திருப்பினேன்," என்றார் வாத்தியார். "மனுசன் அசரல. வெத்தலய எடுத்து அவரே மடிச்சுப் போட்டுக்கிட்டு, 'அடுத்த கதை சொல்லட்டுமா'ங்கறாரு!"

என் மகன் சிரித்தான். தட்டை வைத்தான். வாத்தியார் அதை இழுத்துக்கொண்டு கண்களை மூடினார். மூடிய பிறகு அவர் முகம் வேறாகிவிட்டது. நாடிபிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முகம் அது.

நன்றாகவே வாசித்தான். முதல் அங்கத்தில் கப்பல் தளத்தில் அண்ணன் பேசும் நீண்ட பேச்சு ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாத்தியாரின் தலை மெல்ல ஆடியது. இரண்டாம் அங்கத்தில் ஆட்டம் நின்றது. கடைசிக் காட்சி வந்தபோது அவர் சற்று முன்னால் சாய்ந்து, காதை அவன் பக்கம் திருப்பியிருந்தார். ஆற்றங்கரைப் பேச்சுகள் எல்லாம் இரண்டு மூன்று சொற்களாக இருந்தன.

முடிந்ததும் வாத்தியார் கண்களைத் திறந்தார்.

"தம்பி, முதல் அங்கம் எப்ப எழுதினது?"

"போன வருசம் வெயில் காலத்திலை."

"கடைசி?"

"இந்த மாரியிலை."

"ம்." வெற்றிலையைக் கிள்ளினார். "கதை இருக்கு. பொய் சொல்லல, நல்லாவே இருக்கு. ஆனா முதல்ல எல்லாரும் நெஞ்சு நிறையப் பேசுறாங்க. போகப் போகப் பேச்சு குறுகுது. கடைசியில அண்ணன், தங்கச்சி, படகுக்காரன், அத்தன பேரும் படியேறி வந்தவன் மாதிரி பேசுறாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் காதுல விழணும்னா முழங்க வேணாமா? கொட்டகையில கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கறவனும் காசு குடுத்துத்தானே வந்திருக்கான்?"

"பேசும்படத்திலை மைக்கு இருக்குமே," என்றான் என் மகன்.

"மைக்கு இருந்தா? மைக்குக்கா அழுகை வருது? கேக்கறவனுக்கு வரணும். ஒரு வசனம்னா ஒரு மூச்சு. மூச்சு முழுக்கச் செலவாகணும். எழுதுறவன் தானே சொல்லிப் பாக்கணும். ஒரே மூச்சுல சொல்லி, கடைசிச் சொல்லுல மூச்சு தீந்துச்சுன்னா அதான் வசனம். ரெண்டாவதும் மூணாவதும் திருத்தி எழுதிட்டு வாங்க. கேக்கறேன். தட்டு மட்டும் புதுசா வைக்கணும்."

எழுந்தபோது அவர் என் மகனிடம் விளையாட்டாகக் கேட்பதுபோல் ஒன்று கேட்டார்.

"வரும்போது படித் திருப்பத்துல காலடிச் சத்தம் நின்னுச்சே தம்பி, அங்க என்ன பாத்தீங்க?"

"திரையைப் பாத்தனான்."

"நல்லா இருக்கா?"

"வர்ணம் வழிஞ்சு போச்சு."

வாத்தியார் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது பேரம் பேசுபவனின் பார்வையாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கட்டணத்துக்கு நான் உடன்படுவேனா என்று அளக்கிறார் என எண்ணினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு குரல் குடியேறியது. அலுவலகம் விட்டு வந்ததும் அவன் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுவான். எழுதியதை எழுந்து நின்று சொல்லிப் பார்ப்பான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன். "நீ வந்து நிற்கும் கரைக்கும் நான் வந்து நிற்கும் கரைக்கும்" என்று ஒரு வசனம் தொடங்கும். பாதியில் அறுபடும். சிறிது நேரம் ஒன்றும் கேட்காது. மறுபடி "நீ வந்து நிற்கும்" என்று தொடங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்பாகவே அறுந்தது. கடினமாக உழைக்கிறான் என்று நினைத்தேன். வசனம் கையில் அகப்படும் வரை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வெளியே ஆறு இறங்கவில்லை. சாளரத்தைத் திறந்தால் சேற்று வாடை வந்தது. என் மனைவி தூதுவளைக்கு ஆள் அனுப்பினாள், கிடைக்கவில்லை. மிளகும் திப்பிலியும் இடித்துக் காய்ச்சிக் கொடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை சத்தம் போட்டுச் சத்தம் போட்டே தொண்டை கெட்டுப்போச்சு," என்றாள். "உந்த வாத்தியார் வீட்டை வந்து கேட்டால் என்னவாம்? பிள்ளை மெதுவாச் சொல்லலாமே."

"மெதுவாச் சொன்னால் அவருக்கு வசனம் இல்லையாம் அம்மா," என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கழுத்து எலும்புகள் தெரிந்தன. மழைக்காலத்தில் எல்லாரும் சற்று இளைத்துத்தான் இருந்தார்கள். ஆஸ்பத்திரி டிரஸர் மாரிக் குளிர் என்று மருந்துநீர் கலந்து கொடுத்தார்.

தண்ணீர் வடியத் தொடங்கியது. கம்பெனி அடுத்த வாரம் பொந்தியானுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போவதாகச் செய்தி வந்தது. மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை போனோம். கரைந்த திரையை எடுத்துவிட்டிருந்தார்கள். படித் திருப்பத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் என் மகன் அங்கே நின்றான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

 அவன் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன்.

வாத்தியார் இந்த முறை வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. தட்டை வைத்ததும் சற்றுத் தயங்கினார். பிறகு இழுத்துக்கொண்டார். கண்களை மூடவில்லை.

இரண்டாம் அங்கம் ஒருவாறு போயிற்று. கடைசிக் காட்சிக்கு வந்தான். அண்ணன் அக்கரையிலிருந்து பேசும் வசனம் ஒரு பக்கத்தின் பாதியை அடைத்திருந்தது. உண்மையில் அது அழகாகவும் இருந்தது. தொடங்கினான். நடுவில் நின்றது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "மன்னிக்கவேணும்," என்று முதலிலிருந்து தொடங்கினான். மறுபடி நின்றது. இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்து, அதைப் பார்க்காமலே மடித்துக்கொண்டான். மறுபடி "நீ வந்து நிற்கும் கரைக்கும்" என்றான்.

வாத்தியார் தட்டைத் தூக்கினார். முறைப்படி நகர்த்தவில்லை. இரண்டு கைகளாலும் எடுத்து என் மகனின் மடிக்கருகில் வைத்தார். வெற்றிலை கலைந்து ஒன்றிரண்டு கீழே விழுந்தன.

அறையில் யாரும் பேசவில்லை. முறை அப்படி. என் மகன் தாள்களைச் சேர்த்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்குபடுத்தி, கட்டினான். எழுந்து கைகூப்பினான். தோற்றவனைப் போல இல்லை. தீர்ப்பை எதிர்பார்த்திருந்தவனைப் போல இருந்தான். படியில் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

வாத்தியார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மெதுவாகப் பேசினார். அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஐயா, கதையத் திருப்பலங்க. கதை நல்ல கதை. என்னால கேக்க முடியல. முப்பது வருசமா மூச்சக் கேட்டே பொழைக்கிறவன் நான். போன தடவையே சந்தேகம். எங்க ராஜபார்ட்டுக்காரன் ஒருத்தனுக்கு இதே மாதிரிதான் வசனம் வசனமாக் கொறைஞ்சு வந்துச்சு. தஞ்சாவூர்ல அவன விட்டுட்டு வந்தோம். தம்பியப் பெரிய டாக்டர்கிட்டக் காட்டுங்க. இன்னைக்கே."

"போன தடவையே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீங்க கதைக்குத்தானே தாம்பூலம் வச்சீங்க," என்றார். அவர் கண்களில் நீர் இருந்தது. நடிகரின் கண்ணீரை நான் நம்புவதில்லை. அன்று நம்பினேன்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் இதை என் மகனிடம் சொன்னேன். சொற்களை மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல், சாட்சியம் சொல்வதுபோலச் சொன்னேன். கதையைப் பற்றிச் சொன்னதை முதலில் சொன்னேன். டாக்டரைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"தட்டைத் திருப்பி வைச்சிட்டு ஆரும் நல்ல கதை எண்டு சொல்லுவினமே ஐயா?" என்றான். "உங்களைப் பாத்து இரக்கப்பட்டுச் சொல்லியிருக்கிறார். நீங்களும் என்னைப் பாத்து இரக்கப்படுறியள். எங்கடை ஆக்கள் எல்லாரையும் போல."

அவனுக்கு அந்த நம்பிக்கை மாறவில்லை. நாடகக்காரர்களின் முறையை அவன் அவர்களைவிட மதித்தான். அந்த முறையில் தட்டு ஒன்றைத்தான் சொல்லும். வாத்தியார் புறப்படுமுன் கதையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவன் கொடுக்கவில்லை. வேண்டாத கதையைச் சுமக்கச் சொல்வது மரியாதை இல்லை என்று சொல்லி அனுப்பினான். கம்பெனி போய்விட்டது.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். அதை என் மனைவிக்குத் தமிழில் சொன்னது நான். என் தொழிலில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அது ஒன்றுதான் முழுமையில்லாதது.

வார்டில் அவன் பேசக் கூடாது என்று விதித்திருந்தார்கள். வேண்டியதை விரலால் காட்டுவான். ஒரு பிற்பகல் தலையணைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினான். கடைசிக் காட்சி. திருத்தி எழுதியது அல்ல, முதலில் எழுதியது. வாசியுங்கள் என்று காட்டினான்.

எனக்கு நடிக்கத் தெரியாது. நீதிமன்றத்தில் கொலைகாரனின் பேச்சையும் தாயின் பேச்சையும் ஒரே குரலில் சொல்லிப் பழகியவன். அந்தக் குரலில், பக்கத்துக் கட்டிலில் இருந்த சீனக் கிழவரின் தூக்கம் கலையாதபடி தாழ்த்தி வாசித்தேன். தங்கை, "அண்ணா," என்கிறாள். அண்ணன், "இருக்கிறேன்," என்கிறான். அங்கே என் மகன் விரலை உயர்த்தினான். நிறுத்தினேன். சாளரத்துக்கு வெளியே நீரிணை தெரிந்தது. அக்கரையில் சிங்கப்பூர் மங்கலாக இருந்தது. விரல் இறங்கியது. தங்கை, "தண்ணீர் குறையுமா?" என்கிறாள். விரல் உயர்ந்தது. இந்த முறை நீண்ட நேரம். அவன் உதடுகள் அசையவில்லை, ஆனால் ஏதோ ஒன்றை மனத்தில் ஓடவிட்டு, அது முடியக் காத்திருந்தான் என்று தெரிந்தது. பிறகு இறக்கினான். "குறையும்," என்று வாசித்தேன்.

இப்படிக் காட்சி முழுவதையும் முடித்தோம். கடைசியில் அவன் விதியை மீறி, ஒலி இல்லாமல், "இப்ப சரி," என்றான்.

அடுத்த மாரி வருவதற்கு முன் அவன் இறந்தான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் பல தடவை போன அதே படக்கொட்டகைக்கு நான் தனியாகப் போனேன். மனைவியிடம் சந்தைக்கு என்று சொன்னேன். ஏதோ ஓர் ஆங்கிலப் படம். மழையில் ஒரு பாலத்தில் இரண்டு பேர் நின்று பேசினார்கள். ஒருவரும் முழங்கவில்லை. இரண்டு சொல், மூன்று சொல். நடுவில் தண்ணீரின் ஓசை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த கூலிக்காரர்கள்கூட அசையாமல் கேட்டார்கள். நான் ஒரு வார்த்தையை விடாமல் கேட்டேன்.

ஆகவே வாத்தியார் நாங்கள் கேட்டதற்குத் தவறான பதில் சொன்னார். அவருக்குத் தெரிந்தது நாடகக் கொட்டகை. என் மகன் எழுதியது அவர் இன்னும் பார்த்திராத ஒரு வகைப் பேசும்படத்துக்கு. நாங்கள் கேட்காததற்கு மட்டும் அவர் சரியான பதில் வைத்திருந்தார், அதையும் பிந்திச் சொன்னார். இதையெல்லாம் தோட்டப் பள்ளி ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது? அவர் இளைஞர். நல்ல நெஞ்சு. வாசலில் நின்று பேசியதே தெரு வரை கேட்டது. கட்டணம் கொடுக்கலாம், ஆனால் தட்டு திரும்பி வந்தால் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்று படக்கொட்டகையில், திரையில் பாலத்தில் நின்ற பெண் ஏதோ கேட்டாள். மற்றவன் உடனே பதில் சொல்லவில்லை. திரையில் மழை மட்டும் பெய்தது. அந்த இடைவெளியில் நான் இருட்டில் என் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரல் இறங்குவதற்காகக் காத்திருந்தேன்.